பிள்ளையை எங்கே சேர்ப்பது?

கீழ்பென்னாத்தூரில் மாதம் ஒருமுறை கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சிறு வட்டம் எங்களுடையது. பள்ளி ஆசிரியர்கள் மூவர், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர், இன்னும் இரண்டொருவர். புத்தகம் படிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையின் விளைவாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியானதும் எங்களைத் தேடி மதிப்பெண் பட்டியலோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், புள்ளைய எங்க சேத்தா நல்லா இருக்கும்?"

இந்தக் கேள்வியை ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு, வாழ்நாளில் அவர்கள் மிகுந்த அக்கறையோடு படிக்க நேர்கிற அச்சுப் பிரதி ஒரு கல்லூரியின் விளம்பர ஏடாகவே இருக்கிறது. வழவழப்பான தாளில் அச்சிட்ட அந்த ஏட்டை அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார். அம்மா படத்தைப் பார்ப்பார். பிள்ளை ஆங்கிலப் பகுதியை மொழிபெயர்த்துச் சொல்லும். அந்தப் பிரதியை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர ஊரில் எவரும் இல்லை. கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், இந்தப் பிரதியில் ஒரு சொல் ஏன் இல்லை என்று பார்த்துச் சொல்லலாமே என்று எங்களுக்குத் தோன்றியது.

அவ்வாறு பார்க்கத் தொடங்கினால் சில விஷயங்கள் உடனே கண்ணில் படும். 'உலகத்தரம்', 'அனுபவமிக்க ஆசிரியர் குழு', 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' ஆகிய அடைமொழிகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். ஆசிரியர்களின் பெயரும் படிப்பும் இருக்காது. வேலை பெற்ற மாணவர்களின் படங்கள் இருக்கும். எத்தனை பேர் படித்ததில் இத்தனை பேர் என்ற கணக்கு இருக்காது. கட்டடத்தின் படம் முகப்பில் இருக்கும். பல்கலைக்கழக இணைப்பைப் பற்றிய வரி கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும், அல்லது கிடக்காது. அடைமொழிகளை நீக்கிவிட்டு எஞ்சுகிற பெயர்ச்சொற்களையும் எண்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி நாங்கள் சொல்வது வழக்கம். பல ஏடுகளுக்கு அரைப் பக்கம்கூடத் தேறுவதில்லை.

*

எங்கள் ஊரின் இருப்பிடத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். ரயில் கிடையாது. மேற்கே பார்த்தால் அண்ணாமலை தெரியும். அரைமணி, முக்கால்மணிப் பேருந்துப் பயணத்தில் திருவண்ணாமலை. கிழக்கே ஏறக்குறைய அதே தொலைவில் செஞ்சி. நெல்லும் மணிலாவும் கரும்பும்தான் பிழைப்பு. கிணற்றில் தண்ணீர் இருக்கிற ஆண்டில் படிப்பைப் பற்றிய பேச்சு உரக்க நடக்கும். இல்லாத ஆண்டில் தணிந்து நடக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைக்கு முன் இருக்கும் பாதைகள் வெளிப்பார்வைக்கு நிறைய. திருவண்ணாமலையில் 1966 முதல் இருந்துவரும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இன்று அதற்குக் கலைஞர் கருணாநிதி பெயர். 2013-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே உண்டு. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. இவை தவிர இருபுறமும் சாலையோரங்களில் தனியார் கல்லூரிகள்.

இவற்றுள் எங்கள் ஊருக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் 2002-இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கிழக்கே சில கிலோமீட்டர் போய் விழுப்புரம் மாவட்ட எல்லையைக் கடந்துவிட்டால், அங்குள்ள கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரே பேருந்துத் தடம். ஏறும் திசையைப் பொறுத்துப் பாடத்திட்டமும் தேர்வும் பட்டத்தில் அச்சிடப்படும் பெயரும் மாறிவிடுகின்றன. 'பக்கத்துக் கல்லூரிதானே' என்று சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றல் கேட்டு அலைகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

*

எங்களிடம் வருகிறவர்கள் கல்லூரியைப் பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் முதலில் நிலத்தைப் பற்றிக் கேட்கிறோம். எவ்வளவு இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, ஏற்கெனவே அடமானத்தில் உள்ளதா, நகை கூட்டுறவு வங்கியில் இருக்கிறதா வீட்டில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்போம். அநாகரிகமான கேள்விகளாகத் தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்தில் கல்லூரித் தேர்வு என்பது பெரும்பாலும் ஒரு காணி நிலத்தைப் பற்றிய முடிவு. மணிலா விற்ற பணம் கமிட்டியிலிருந்து கைக்கு வருகிற காலத்தைத் தரகர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

தரகர் என்றால் வெளியூர் ஆள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் உறவுக்காரர், அல்லது முன்பு அதே கல்லூரியில் படித்த பையன். ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் அவருக்கு ஒரு தொகை. அவர் தேர்வு முடிவுக்கு முன்பே வருவார். "மாமா, சீட்டு முடிஞ்சிடும், அட்வான்ஸ் மட்டும் போட்டு வையுங்க" என்பார். முன்பணத்தோடு அசல் சான்றிதழ்களையும் வாங்கிப்போவார். அந்த நிமிடத்தில் குடும்பம் இழப்பது இன்னதென்று அந்த அப்பாவுக்குத் தெரியாது.

அது இன்னதென்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்கிறவருக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் யாவற்றையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்கான கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு நிபந்தனை: இடம் அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியே கிடைத்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் நேரடியாகச் சேர்ந்துவிட்டால் இவற்றில் ஒன்றும் கிடையாது. தரகர் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிர்வாக ஒதுக்கீட்டில். கலந்தாய்வில் காசில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய அதே இடத்தை, சில சமயம் அதே கல்லூரியின் அதே வகுப்பறையை, நிலத்தை அடகு வைத்து வாங்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒருவர் வந்தார். மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். கணக்கில் நல்ல மதிப்பெண். 25,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்குக் காணி நிலத்தை ஒத்திக்கு விடப் பேச்சு முடிந்திருந்தது. "இன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பள்ளி விவரங்களைக் கேட்டபோதுதான் அந்தப் பெண் ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவள் என்று தெரிந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வெகுநேரம் பேசவில்லை, பிறகு, "அப்ப நெலத்த விட வேணாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதியையும் அதற்குப் பின்னால் இருந்த அவமானத்தையும் ஒருசேரக் கேட்டவர்கள் எளிதில் மறக்க முடியாது.

சான்றிதழ்களைத் திரும்பப் பெற மூன்று முறை போக வேண்டியிருந்தது. கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, உரிய காலத்துக்குள் விலகுகிறவருக்குக் கட்டணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இதையே சொல்கிறது. மூன்றாவது முறை போனபோது கோரிக்கையை அந்தப் பெண்ணே தன் கையால் கடிதமாக எழுதினாள். விதியைக் குறிப்பிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கேட்டாள். சான்றிதழ்கள் வந்தன, முன்பணத்தில் ஒரு பகுதியும் வந்தது. கலந்தாய்வில் இடம் கிடைத்தது. காணி நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. நிலம் கைமாறிய பிறகு, பிள்ளை மூன்றாம் ஆண்டில் பத்துப் பதினைந்து பாடங்களை நிலுவையில் வைத்துக்கொண்டு வந்து நின்ற வீடுகளும் எங்கள் தெருக்களில் உண்டு. அந்தப் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு, ஒரே கோடை விடுமுறையில் ஆங்கிலத்துக்குத் தாவச் சொல்லப்பட்டவர்கள். தாவும்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆசிரியரும் வாய்க்காதவர்கள்.

*

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1896-இல் மதுரையில் வேங்கடராமன் என்ற பள்ளிச் சிறுவனிடம், அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறவாமல் குறித்துவிட்டு ரயிலேறித் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்று அறிந்தது. கல்லூரிக் கட்டணத்தால் கிடைத்த மிகப் பெரிய பலன் அதுதான் என்று எங்கள் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கை ஒருபுறம் இருக்க, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வைத்தோம், எது கட்டவில்லை என்று வீட்டுக்கு எழுதி வைத்த அந்த நேர்மை இன்றைய கட்டண அறிவிப்புகளுக்கு இருந்தால் போதும். படிப்புக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பேருந்து, சீருடை, பயிற்சி, தேர்வு, 'இதர' என்று ஆண்டு முழுதும் வருகிற சீட்டுகளைக் கூட்டினால் சொன்ன தொகையின் அருகிலேயே இன்னொரு தொகை நிற்கிறது. ஆகவே, மொத்தம் எத்தனை ஆண்டுக்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுப்பதும் ஒரு பதில்தான்.

கல்விக்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு நிலப் பத்திரம் ஈடாக வேண்டியதில்லை என்பது வங்கிகளின் நெடுநாளைய பொது நடைமுறை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். திருப்பிச் செலுத்துவது படிப்புக்குப் பிறகுதான் என்றாலும் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு. 'வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம்' என்று ஏட்டில் உள்ள படங்களை நம்பி வாங்குவது வேறு.

*

பணத்துக்கு அடுத்தது அங்கீகாரம். எங்கள் பக்கத்தில் இது சலிப்பூட்டும் சொல்லாகவே கருதப்படுகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2016 ஜனவரி உணர்த்தியது. சின்னசேலம் அருகே ஓர் இயற்கை மருத்துவக் கல்லூரியில் படித்த மூன்று மாணவியர் கிணற்றில் பிணமாகக் கிடந்தார்கள். அளவுக்கு மீறிய கட்டணத்தையும், வசதிகளும் முறையான வகுப்புகளும் இல்லாத நிலையையும் சொல்லி அவர்கள் எழுதியதாக ஒரு கடிதம் கிடைத்தது. அந்த மாணவர்கள் அதற்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். நாங்கள் அந்தச் செய்தியைப் படித்தபோது, அந்த ஏடு எந்த வீட்டில் எந்த அப்பா கையில் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் முதலில் மனத்தில் வந்தது. தவறான கல்லூரி என்பது சில பிள்ளைகளுக்கு வீணான மூன்று ஆண்டுகள் மட்டும் அல்ல. ஆகவே இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எந்தக் கல்லூரியையும் எந்த ஆண்டிலும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று பெற்றோர் சேர்க்கும் நாளிலேயே பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

எந்தப் படிப்புக்கு யாருடைய அங்கீகாரம் என்பது கடினமான கணக்கு அல்ல. கலை, அறிவியல் என்றால் பல்கலைக்கழக இணைப்பு. பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் அண்ணா பல்கலைக்கழக இணைப்பும். செவிலியர் படிப்பு என்றால் செவிலியர் கவுன்சில், பட்டப் படிப்பாயின் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆசிரியர் பயிற்சி என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழு. சட்டம் என்றால் இந்திய பார் கவுன்சில். எங்கள் பக்கத்தில் மிகுதியும் ஏமாறுவது செவிலியர் படிப்பில்தான். மாடியில் இரண்டு அறை, ஓராண்டுச் சான்றிதழ், வெள்ளைச் சீருடையில் குழுப்படம். அந்தச் சான்றிதழைக் கொண்டு கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது என்பது படித்து முடித்த பிறகே தெரியவருகிறது. இந்த அமைப்புகள் எல்லாம் தத்தம் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. கல்லூரியின் பெயரை அங்கே தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்.

பட்டத்தின் பெயரும் கவனிக்க வேண்டியது. புதிது புதிதாகக் கவர்ச்சியான பெயர்களில் பட்டங்கள் வருகின்றன. அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ போகும்போது, இந்தப் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் தேர்வில் வென்றவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

*

இனி ஆசிரியர். எங்கள் மனத்துக்கு நெருக்கமான பகுதி இது.

உ.வே.சாமிநாதையர் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரெட்டியார் நல்ல புலவர், மாணவனோ கிடைத்தற்கரியவன். தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருவதே அவனுக்குத் தக்கது என்று வழிகாட்டி அனுப்பினார். 1871-இல் தந்தையார் மகனை மாயூரத்துக்கு அழைத்துச் சென்றார். கல்லூரித் தேர்வுக்கு வழிகாட்டுதல் என்று ஒன்று இருக்குமானால் அதன் சிறந்த முன்மாதிரி அந்த ரெட்டியார்தான் என்பது எங்கள் எண்ணம். தம்மிடம் இருப்பதன் எல்லையை அறிந்தவர் சொல்கிற சொல்லுக்கு, தரகுத்தொகை வாங்குகிறவர் சொல்கிற சொல் ஈடாகாது. உங்கள் பிள்ளையை ஐந்தாண்டு பார்த்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் கேளுங்கள்.

அந்தச் சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது இவரைத் தம் இடத்துக்குக் கொண்டுவந்தார். பட்டம் எதுவும் இல்லாதவரைப் புலமைக்காக ஏற்றுக்கொண்ட கல்லூரி அது. 1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். அடுத்த ஆண்டு, 1904-இல், அதே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த மாணவர் ராமானுஜன். கணிதம் தவிர மற்றவற்றில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், அங்கும் எஃப்.ஏ. தேர்வைக் கடக்க முடியவில்லை. இரண்டும் அக்காலத்தின் பெயர்பெற்ற கல்லூரிகள். ஒரே நிறுவனம் ஒருவரைச் சட்டம் பாராமல் ஏற்றுக்கொண்டதும் இன்னொருவரைச் சட்டத்தைப் பார்த்துக் கைவிட்டதும் நடந்திருக்கிறது. கல்லூரியின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கே இந்தப் பிள்ளையின் இயல்பைக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான் அவசியமாகிறது.

அப்படி ஆள் இருக்கிறதா என்பதை ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளின் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தது. சிலருடைய பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தது. பல்கலைக்கழகமே முறைகேட்டை ஒப்புக்கொண்டு விசாரணைக்கு இறங்க வேண்டியதாயிற்று. தாளில் இருக்கும் ஆசிரியரும் வகுப்பில் நிற்கும் ஆசிரியரும் வேறு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஆகவே நாங்கள் சொல்வது இது: சேர்க்கை நாளில் கல்லூரியைப் பார்க்காதீர்கள். அன்று வாழைமரம் கட்டியிருப்பார்கள். வகுப்புகள் நடக்கிற ஒரு வேலைநாளில், முற்பகல் பதினொரு மணிக்குப் போங்கள். வாசலில் நிற்கிற மாணவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இன்று எத்தனை வகுப்பு நடந்தது? போன ஆண்டு பாடம் எடுத்தவர் இந்த ஆண்டும் இருக்கிறாரா? ஆய்வகத்தில் நீங்கள் கையால் செய்வீர்களா, அவர்கள் செய்வதைப் பார்ப்பீர்களா? நூலகத்தில் கடைசியாக எப்போது புத்தகம் எடுத்தீர்கள்? நான்காவது கேள்விக்குச் சிரிப்பு பதிலாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியலாக இருந்தால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிற தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலையும் பாருங்கள். ஒரே ஒரு பருவத்தைப் பார்க்காமல் மூன்று நான்கு பருவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

அரசு கலைக் கல்லூரியைப் பற்றி எங்கள் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு. எங்கும் இடம் கிடைக்காதவர் போகிற இடம் என்பார்கள். இது அநியாயம். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். நெட், செட் தேறிய, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களை இந்த வட்டாரத்தில் மிகுதியாகக் காணக்கூடிய இடமும் அதுவே. குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பல அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களே பாடச்சுமையைத் தாங்குகிறார்கள். இரண்டு சுழற்சிகளாக வகுப்பு நடப்பதால் மாணவருக்குப் பாதி நாள் கையில் நிற்கும். அந்தப் பாதி நாளை நூலகத்தில் கழிக்கிற பிள்ளைக்கும் பேருந்து நிலையத்தில் கழிக்கிற பிள்ளைக்கும் மூன்றாண்டு முடிவில் மிகப் பெரிய வேறுபாடு இருக்கும். அரசுக் கல்லூரி தானாக எதையும் ஊட்டாது, கேட்டால் கொடுக்கும். கேட்கத் தெரிந்த பிள்ளையா என்பதைப் பெற்றோர்தாம் அறிவார்கள்.

தமிழ்வழியில் படிக்கலாமா என்று தயக்கத்தோடு கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழில் படித்துவந்த பிள்ளை, அரசுப் பணியே தன் குறிக்கோள் என்றால், பட்டத்தை ஆங்கிலவழியில் எடுத்து இந்த உரிமையை இழந்துவிட வேண்டாம். வேறு குறிக்கோள் என்றால் வேறு முடிவு. எதுவானாலும் தெரிந்து எடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்கள் விஷயத்தில் கல்லூரியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்ப முடியும் என்பது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் சிறிய தொகை என்று நகரத்து நண்பர்கள் எண்ணக்கூடும். 'படிப்பை நிறுத்திவிடலாம்' என்று வீட்டில் பேச்செழும்போது, அந்தப் பெண் பதிலுக்குச் சொல்ல அது ஒரு காரணமாகிறது என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் பயண நேரத்தைக் கணக்கிடாமல் விடக் கூடாது. நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பேருந்தில் நின்றுகொண்டு போய்வருகிற பிள்ளை வீட்டுக்கு வந்து படிப்பது அரிது. பௌர்ணமி நாள்களில் கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அன்று தேர்வும் வந்துவிட்டால் நடந்துதான் போக வேண்டும். அரசு விடுதி கிடைக்குமா என்று சேர்க்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

கடைசியாக ஒரு சிறிய எச்சரிக்கை. விண்ணப்பங்கள் எல்லாம் இணையவழி ஆகிவிட்டன. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் அப்படித்தான். எங்கள் ஊரில் பலர் கணினி மையத்தில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். அங்கே கொடுக்கிற கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும்; கடவுச்சொல் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். மையத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டால், விருப்பக் கல்லூரிகளின் வரிசையை வேறு யாரோ மாற்றினாலும் உங்களுக்குத் தெரியவராது. கலந்தாய்வுக்கென அரசு நடத்துகிற உதவி மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன; பணம் வாங்குவதில்லை.

*

இவ்வளவும் எழுதிப் பார்க்கும்போது, எங்கள் அறிவுரையில் கல்லூரியின் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று சிலர் குறைப்படலாம். மாணவர்களும் அதைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மகிழ்ந்து போய்விடுவார்கள். ஆனால் ஒரே வகுப்பில் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு நாங்கள் வேறு வேறு வழி சொல்ல நேர்ந்திருக்கிறது. ஒருவன் வீட்டில் கடன் இருந்தது; இன்னொருவளுக்கு ஆங்கிலத்தின்மேல் அச்சம் இல்லை. அந்த வேறுபாட்டைப் பட்டியல் எதுவும் அறியாது. 2016 முதல் ஆண்டுதோறும் மத்திய அரசு வெளியிடுகிற தரவரிசையும் அறியாது. பிள்ளையோடு ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினால் தெரியும்.

அந்த ஒருமணி நேரத்தைத் தர எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் இருக்கிறீர்கள். ஒரு பிரதியில் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. மே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். உங்கள் ஊர் நூலகரிடம் சொல்லி ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் கேளுங்கள். வருகிறவர்கள் கையில் ஓர் ஏடு இருக்கும். அதை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுங்கள்.